உச்சிவெயிலாரின் வெள்ளை வேட்டி

சென்னையில் சூரியனுக்கு ஒரே ஒரு ரசிகர்தான் உண்டு. அவரும் என் ஆட்டோவில்தான் ஏறுவார்.

ராஜா அண்ணாமலைபுரம் ஸ்டாண்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் உச்சிவெயிலார். மயிலாப்பூர் சந்து ஒன்றில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுப்பவர். முகூர்த்தம் முடிந்து, பந்தியில் பாயசம் குடித்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார். "ஆத்து முகத்துக்கு வுடு நைனா." அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறாராம். காக்காயே நிழல் தேடும் நேரத்தில்.

நான் எட்டாவதைத் தாண்டாதவன். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. இவருக்கு மயக்கம் வருமோ, வந்தால் எந்த ஆஸ்பத்திரி, அங்கே நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அடையாறு பாலம் வரும்வரை மனசு அடித்துக்கொள்ளும்.

மற்ற படக்காரர்கள் விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவார்கள். நீங்களும் அப்படி வரலாமே சார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"காத்தால வெளிச்சம் பியூட்டி பார்லர் மாதிரி. எல்லாரும் அழகாத்தான் தெரிவாங்க. நட்டநடு வெயில்ல எவன் அழகா கீறானோ, அவன்தான் அழகு."

பெரிய தத்துவம் என்று பல மாதம் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலையில் அவருக்கு முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன், நடுவில்தான் ஓய்வு என்பது பிறகுதான் உறைத்தது.

உச்சிவெயிலில் ஒரு கோளாறு உண்டு. வெளிச்சம் நேராக மண்டையில் இறங்கும். முதுகு வெளுத்துவிடும், வயிறு இருண்டுவிடும். மணப்பெண் என்றால் முகத்துக்குக் கீழே வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை மேலே திருப்பிவிடலாம். கொக்குக்கு யார் பிடிப்பது? அதனால் கொக்கு வந்து நிற்கிற இடமாகப் பார்த்து முன்கூட்டியே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவைப்பார். ஒருநாள் தனி வேட்டி கொண்டுவர மறந்துவிட்டது. கட்டியிருந்ததையே அவிழ்த்து விரித்தார். கோடு போட்ட டவுசரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி என்ன இதெல்லாம் என்றார்.

"கொக்குக்கு வயித்தாண்ட இருட்டா கீது சார்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் என் முன்சக்கரத்தைப் பார்த்தேன்.

பறவைகளிடமும் அவருக்குக் கல்யாண வீட்டுப் பேச்சுதான். கொக்கிடம், "அம்மா, மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்பார். குறுக்கே வந்து நின்ற நீர்க்காகத்திடம், "சித்தப்பா, சித்த தள்ளுங்க" என்றார். அது தள்ளியும் நின்றது. என் சொந்தச் சித்தப்பா எந்தக் கல்யாணத்திலும் தள்ளியதில்லை.

அவருக்குப் படியாத ஒரே ஆள் கருடன். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. நடு வெயிலில் எடுத்தால் தலை சுண்ணாம்பாகவும் உடம்பு கரியாகவும் வரும். விடாமல் நொச்சிக்குப்பம் போனோம். மீன் விற்கிற இடத்தில் கருடன் தாழப் பறக்கும் என்று சாலையோரம் வேட்டியை விரித்துவிட்டு, கேமராவோடு தள்ளி நின்றார். அங்கே வந்த மீன்காரம்மா, யாரோ புண்ணியவான் சுத்தமாகத் துணி விரித்திருக்கிறான் என்று ஒரு கூடை சங்கரா மீனை அதில் கொட்டிக் கூறு கட்டி உட்கார்ந்துவிட்டார். கருடன் வந்தது. மீனைத் தூக்கியது. போயே போய்விட்டது. படத்தில் விழுந்தது மீன்காரம்மாவின் திறந்த வாய் மட்டும். அன்று சாயங்கால ரிசப்ஷனில் அந்த வேட்டியோடு உச்சிவெயிலார் நின்ற பக்கம் யாருமே நிற்கவில்லை.

இந்த மனிதர்தான் என் மகள் கல்யாணத்தில் படம் எடுக்கத் தானே வருவதாகச் சொன்னார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிக்கு வந்தது.

"அந்த ஆளா? தாலி கட்றச்சே எதுனா காக்கா பின்னாடி ஓடிட்டா இன்னா பண்ணுவே?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற படமே கிடையாது. அந்த நேரம் பார்த்துப் படக்காரர் காபி குடிக்கப் போயிருந்தார். மகளுக்காவது அந்த ஒரு படம் வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. எனக்கு அடுத்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை.

கல்யாணம் கடற்கரையோரத்துச் சின்னக் கோயிலில். ஜோசியர் குறித்த நேரமோ உச்சிப்பொழுது. பந்தல் போட விடாத முற்றம், சித்திரை வெயில், கூப்பிடு தூரத்தில் மீன் கடைகள். எப்படிக் கணக்குப் போட்டாலும் எனக்கு விடை கருடன் என்றுதான் வந்தது. உச்சிவெயிலார் நிதானமாக மணைக்கு முன்னால் வேட்டியை விரித்து, "அம்மா, மோவாயைக் கொஞ்சம் தூக்கு" என்றார்.

ஐயர் கெட்டி மேளம் என்று கையைத் தூக்கினார். கூடவே ஒரு குரல்: "கருடன்! கருடன்!"

தலைக்கு நேர் மேலே, தென்னை உயரத்தில், வட்டமடித்தது. சனம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு செல்போனை வானத்துக்குத் தூக்கியது. ஐயரும் நிமிர்ந்துவிட்டார். நான் மட்டும் உச்சிவெயிலாரைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக இவர் தேடிய ஆள் மேலே சுற்றுகிறார். இவர் கழுத்து லேசாக அசைந்தது. கேமரா அசையவில்லை.

சொந்தக்காரர்கள் செல்போனிலெல்லாம் நீல வானமும் ஒரு கரும்புள்ளியும்தான். தாலி கட்டுகிற படம் அவரிடம் மட்டுமே இருந்தது. பெண் முகத்தில் ஒரு பொட்டு இருட்டு இல்லை. பின்னால் ஊரே அண்ணாந்து நிற்க, இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ஏன் சார் கருடனை விட்டீர்கள் என்று கேட்டேன். "அது நாளைக்கும் மீனுக்கு வரும் நைனா. உம் பொண்ணு நாளைக்கும் கழுத்த நீட்டுமா?"

படத்தைக் கையில் வைத்திருந்த என் மனைவி, அதில் மணைக்கு முன்னால் தெரிந்த வேட்டியில் விரலை வைத்தாள். "இது இன்னாண்ணா, கறையா?"

அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். விரிந்த இரண்டு இறக்கை. நடுவில் வால். நேர் மேலே வெயில் நின்றதால் நேர் கீழே விழுந்த நிழல்.

"கறை இல்ல தங்கச்சி" என்றவர், படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். "தலை வெளுக்காம வந்துகீது."

இப்போதும் பன்னிரண்டு மணியானால் அவர் வருகிறார், நாங்கள் போகிறோம். என் சீட்டுக்கு அடியில் துவைத்து மடித்த வெள்ளை வேட்டி ஒன்று எப்போதும் இருக்கிறது. அவருடையதை மறந்துவிட்டு வந்தால் பாவம், என்ன செய்வார் என்று எனக்கு ஒரு கவலை.