தம்பியின் மூன்றிலைச் செடி காலமானது குறித்து

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி, என் மூட்டுவலி மூவரும் நலம். உன் செடிதான் நலமில்லை. சுற்றி வளைப்பானேன், போய்விட்டது.

ஏழு வருஷம் நீ காத்திருந்து பூக்கப் பார்த்த காட்டுச்செடியை, ஆராய்ச்சி முடிந்து வரும்வரை பத்திரம் என்று தந்துவிட்டுப் போனாய். ஒரு தண்டு, உச்சியில் மூன்று இலை, நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பூ. ‘பெரிய மரங்களின் அடியில் வளர்வது, நேர் வெயில் ஆகாது’ என்று குறிப்பும் எழுதிக் கொடுத்தாய். மூன்றாம் மாடி பால்கனியில் மரத்துக்கு நான் எங்கே போவேன்? குடை பிடித்து நின்றேன். எதிர்வீட்டுத் தையற்காரர், "என்ன சார், யாருக்குக் காவல்?" என்றார். ‘மக்கிய இலை மெத்தை வேண்டும்’ என்றிருந்தாய்; பூங்காவில் சாக்கோடு குனிந்தவனைக் காவலாளி பிடித்து, "பெரியவரே, குப்பையைக் கூடவா விட்டு வைக்க மாட்டீங்க?" என்றான். முப்பத்திரண்டு வருஷம் ஆவண அறையில் ஒரு காகிதம் தொலைக்காதவனைப் பார்த்துக் கேட்கிறான். மெத்தையை நான் போடப் போட உன் அண்ணி கூட்டக் கூட்ட, நடுவுல பூ காய்ஞ்சு விதை உதிர, எறும்பு வந்து விதையைத் தூக்கிட்டுப் போச்சு, அதை விரட்டப் போய் எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, போன வாரம் இலை மஞ்சளாச்சு, தண்ணி ஊத்தினேன், சாய்ஞ்சுது, இன்னும் ஊத்தினேன், நேத்து பார்த்தா வெறும் மண்ணு. "உங்க கைராசிக்குக் கள்ளியே கருகிடும்" என்கிறாள் உன் அண்ணி.

அலுத்துப் போச்சுடா. ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி ஒருத்தர் ஒன்றை ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. அதையும் காப்பாத்தல. தொட்டியை மேல்மாடி டீச்சர் மிளகாய் போடக் கேட்டார், கொடுத்துவிட்டேன். இனிமேல் என்னிடம் எதையும் தராதே.

நீ போகும் காடெல்லாம் உனக்கு நிழல் தரட்டும்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் சேர்க்கப் போனால், மருத்துவக் கோப்பில் உன் குறிப்பின் இரண்டாம் பக்கம் இருக்கிறது. ‘தூக்கம்’ என்ற தலைப்பைப் பார்த்து நான்தான் அங்கே சேர்த்திருக்கிறேன். ‘விதை விழுந்ததும் இலை வாடி மறையும். பயப்படாதே, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். எறும்பு விதையைக் கொண்டுபோனால் நல்லது. குளிர் விட்டதும் மறுபடி முளைக்கும்.’ மூட்டுவலியோடு மாடி ஏறினேன். டீச்சர் விரலால் மூன்று குழி போட்டிருந்தார், மிளகாய் விதை இன்னும் போடவில்லை. கிழங்கைத் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. தொட்டியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஆனா நீ அவசரப்பட்டு வந்து எடுத்துட்டுப் போயிடாதே. அது எழுந்திருக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்.