சிவப்புத் துணி கட்டிய பீர்க்கங்காய்

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதையாவது படித்துவிட்டால் நாலு பேரைப் பிடித்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. (சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும் என்பாள் என் மனைவி.)

அந்த வருடம் நான் படித்துத் தொலைத்தது, காடு மேடெல்லாம் தின்பதற்குத் தேடி அலைந்த மனிதன் விவசாயி ஆன கதை. அடடா, என்ன கதை! படிக்கப் படிக்கப் புல்லரித்தது. மெல்பர்னின் கிளென் வேவர்லியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான்தான் வாத்தியார். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒன்பது பிள்ளைகளிடம் முழங்கினேன்.

"பசிக்கும்போது கையில இருக்கற காயத் திங்காம, இது விதைக்குன்னு ஒருத்தர் விட்டு வெச்சாரு பாருங்க, அவர்தான் நாகரிகத்தையே ஆரம்பிச்சவர்! ஊரு, கோயிலு, ராஜா, உங்க ஸ்கூலு, எல்லாம் அந்த ஒரு காய்லேர்ந்துதான் வந்துச்சு. அவர் பேரு யாருக்கும் தெரியாது. எந்திரிச்சு ஒரு சல்யூட் அடிங்க!"

அடித்தார்கள். என் மகள் கயல் மட்டும், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் செய்முறைப் பயிற்சி. விவசாயத்துக்கு முந்தைய மனிதர்களாக மாறி, கிடைத்ததைப் பறிப்பது! காட்டுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு செல்வராணி அன்ரியின் தோட்டம் இருக்கிறதே. யாழ்ப்பாணத்துக்காரர். கத்தரி, வெண்டி, பயற்றங்காய் என்று வேலியே தெரியாமல் வளர்த்து வைத்திருப்பார்.

"அதுக்கென்ன தம்பி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வேண்டியதை ஆயுங்கோ. நான் கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றார்.

"பிள்ளைங்களுக்கு ஏதாவது சர்ப்ரைஸ் இருந்தா நல்லாருக்கும் அன்ரி" என்று ஒரு பிட்டைப் போட்டேன். அன்ரி சிரித்தார். சரி என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஏப்ரல் மாதம், இங்கே குளிர் தொடங்கும் நேரம். தோட்டம் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. நான் சும்மா போவேனா? சணல் அரிசிச் சாக்கில் மூன்று ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு போனேன். ஆதி மனிதனின் நெஞ்சில் 'பிரீமியம் பாஸ்மதி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. முழங்காலில் குத்தியதால் சாக்கின் விளிம்பை மேலே மடித்து விட்டிருந்தேன். (அந்த மடிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

பந்தலின் உச்சியில் ஒரே ஒரு பீர்க்கங்காய். காய்ந்து பழுப்பேறி, காம்பில் சிவப்புத் துணி கட்டித் தொங்கியது.

"அன்ரி பரிசு வெச்சிருக்காங்கடா! ரிப்பன்கூடக் கட்டியிருக்காங்க!"

பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி ஒரே இழு. கையில் வந்த காய் கலகலவென்று சத்தம் போட்டதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "ஆதி மனிதனின் முதல் இசை!" என்று கூவி, அதைத் தலைக்கு மேல் குலுக்கிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி ஆடினேன். பிள்ளைகள் பின்னால் குதித்து வந்தார்கள். காயின் அடி மூடி எப்போதோ கழன்றுவிட்டிருந்தது. கறுப்பு விதைகள் புல்லில், சரளைக் கல்லில், என் தலையில் எல்லாம் பறந்தன. இரண்டு மேக்பைப் பறவைகள் பந்திக்கு வந்து இறங்கின.

கேட்டைத் திறந்துகொண்டு, நெற்றியில் விபூதியோடு அன்ரி உள்ளே வந்தார்.

"ஐயோ தம்பி! அது விதைக்கு விட்டதெல்லோ!"

ஆட்டம் நின்றது.

"ஆரும் தெரியாமல் ஆய்ஞ்சு போடுவினம் எண்டுதானே துணி கட்டினனான். இந்த முறை முத்தினது அது ஒண்டுதான்."

மெல்பர்ன் குளிருக்கு முன்னால் ஒரு காய் முற்றுவதே பெரும்பாடு. வருடா வருடம் அப்படி முற்ற விட்டு, விதை எடுத்து, அந்த ஒரே பீர்க்கை அவர் காப்பாற்றி வந்திருக்கிறார். ஸ்பிரிங்வேல் வரைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு அவர் கையால்தான் கன்று போகும்; விதைக்கு விடுகிறவர் வேறு யாருமில்லை.

கயல் என்னை நிதானமாகப் பார்த்தாள். "அப்பா, நீங்க சல்யூட் அடிக்கச் சொன்னீங்களே, ஷி இஸ் தட் பர்சன். யூ ஜஸ்ட் கேன்சல்ட் ஃபார்மிங்."

பாஸ்மதிச் சாக்கோடு முட்டி போட்டுத் தேடினேன். பிள்ளைகளும் தேடினார்கள். ஒன்பது விதைதான் கிடைத்தது. அன்ரி ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு வந்து சாக்கைக் கழற்றி, வேலியோரம் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் எறிந்தேன்.

அக்டோபரில் அன்ரி அந்த ஒன்பதையும் ஊன்றினார். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"எல்லாம் அழுகிப் போச்சுது தம்பி. விடுங்கோ" என்றார். குரல் இறங்கியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கூச்சல். "தம்பி! ஓடி வாங்கோ! பீர்க்கு! பீர்க்கு!"

வேலியின் மேல் ஒரு கொடி அவர் பக்கம் தலைநீட்டிக்கொண்டிருந்தது. அது என் பக்கத்திலிருந்து அல்லவா ஏறுகிறது! பிடித்துக்கொண்டே கீழே போனேன். குப்பைத் தொட்டிக்குப் பின்னால், மக்கிப்போன பாஸ்மதிச் சாக்கின் மடிப்பைக் கிழித்துக்கொண்டு மூன்று கொடிகள்! நான் ஆடிய ஆட்டத்தில் மடிப்புக்குள் விழுந்த விதைகள்!

"அன்ரி, இப்படித்தான் அன்ரி! ஆதியிலயும் குப்பை போட்ட எடத்துல சிந்தின விதை மொளச்சுதான் மனுசன்..."

"லெக்சர் பிறகு, தம்பி. முதல்ல தண்ணி ஊத்துங்கோ."

ஊற்றினேன். கண்ணில் தண்ணீர் முட்டியதை அன்ரியிடம் காட்டிக்கொள்ளவில்லை. கோடையில் காய்த்தது. எல்லாவற்றிலும் பெரிய காயைக் காட்டி, பழைய சிவப்புத் துணியை என் கையில் கொடுத்தார் அன்ரி. "நீங்களே கட்டுங்கோ. அப்பதான் மறக்க மாட்டியள்."

மறக்க எங்கள் வீட்டில் விட்டால்தானே. நேற்று ஆபீஸ் முடிந்து கொலைப் பசியோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கடைசி மைசூர்பாகு ஒன்று மிச்சமிருந்த டப்பாவில், கயல் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பிறகு ஒரு சல்யூட் அடித்துவிட்டு ஃப்ரிட்ஜை மூடினேன்.