வாடகையோடு ஓர் அறிவுரை

இளசுகளின் பர்ஸுக்காகக் கவலைப்படுவதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். சின்னவர்கள் கையில் எதைக் கண்டாலும் இவர்கள் வாயில் முதலில் வருவது "எவ்வளவு?" என்ற கேள்விதான். என்ன பதில் சொன்னாலும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

என் எதிர்வீட்டுக்காரர் இதில் உயர்ந்த ரகம். மாடியைப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பையன் கூரியர் ஆபீஸில், பெண் பல் டாக்டரிடம் வரவேற்பில். பிறக்கப்போகும் குழந்தை சொந்த வீட்டில் தவழ வேண்டும், அதற்கு முன்பணம் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆசையெல்லாம் இதுதான். இவர் சும்மா இருப்பாரா? மாடிப்படியில் மடக்குவார், பைக்குள் எட்டிப் பார்ப்பார், குப்பைக்கூடையில் ஓட்டல் டப்பா கிடந்தால் அதையும் கையில் எடுத்துக்கொண்டு மேலே போவார்.

"தம்பி, இது எவ்வளவு?"

"நூத்தியெண்பது சார்."

"உன் வயசுல நான் இந்த மனையையே வாங்கிட்டேன், தெரியுமா?"

மனை அன்று என்ன விலை என்பதை மட்டும் சொல்லமாட்டார். பாவம், மறதி.

பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். ஓட்டல் நின்றது, சினிமா நின்றது, பையன் பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் தொங்கினான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆறு மாதம் ஓட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். வாடகை கொடுக்கப் போன பெண் பூரிப்பில் சொல்லித் தொலைத்தாள்.

"நீங்க சொன்னபடியே செஞ்சோம் சார். மாசம் மூவாயிரம் மிச்சமாகுது!"

"சபாஷ்மா!" என்றார்.

அடுத்த மாதம் வாடகை மூவாயிரம் ஏறியது.

"திடீர்னு இப்படி ஏத்தினா எப்படி சார்?"

"உங்களால முடியும்னு தெரிஞ்சுதானேம்மா ஏத்தினேன்? கஷ்டப்படறவங்ககிட்ட கேப்பேனா?"

கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தில் கள்ளமே இல்லை; உதவி செய்ததாகத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் தொட்டில் வந்து இறங்கியது, சொந்த வீட்டுக்கல்ல, அதே மாடிக்கு. முதல் ஆளாகப் படியேறிப் போய்ப் பார்த்தார். "எவ்வளவு?" என்றார்.

'நல்லவேளை, வாடகைக்கு விட எனக்கு மாடியே இல்லை' என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் அக்கா மகன் புதுச் செருப்போடு வந்து நின்றானே, அவனிடம் முதலில் என்ன கேட்டீர்கள்?