ஒரு சொட்டுக் குளத்து நீர்

வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை உறுதியாக முடிவெடுத்தேன். வெட்ட வேண்டும் என்று என் மனைவி முடிவெடுத்தது போன மாதம். பக்கத்து வீட்டு டீச்சரம்மா குளம் வெட்டி அல்லி வளர்க்கிறாராம். நமக்கும் வேண்டுமாம். வெட்டப் போகிறவன் நான். நானோ தையல்காரன். இதுவரை தூக்கிய கனமான ஆயுதம் கத்தரிக்கோல்.

நேரே மாட்டேன் என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அதனால் விஞ்ஞானத்தின் காலில் விழுந்தேன். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மச்சானிடம் மைக்ராஸ்கோப்பையும், குளத்து நீரில் வாழும் பூச்சிகளின் பெயர்களையும் இரவல் வாங்கினேன். டீச்சரம்மாவின் குளத்திலேயே ஒரு பாட்டில் மொண்டேன். ஒரு சொட்டுக்குள் நடக்கும் கொலைகளைப் பார்த்தால் போதும், என் மனைவி குளம் என்ற சொல்லையே மறந்துவிடுவாள்.

"இங்க வா. உன் அல்லிக் குளத்துல யார் யார் குடியிருக்காங்கன்னு பாரு."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"பாசியில நூல் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. நுனியெல்லாம் பிசிர் பிசிரா."

"பிசிர் இல்ல, கை. அதுக்குப் பேரு ஹைட்ரா. ஒவ்வொரு கையிலயும் விஷ ஊசி!" குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"இன்னொண்ணு துள்ளித் துள்ளி வருதே?"

"அது தண்ணித் தெள்ளு. பாவம்."

"கைகிட்ட போகுதுங்க... ஐயோ, தொட்டுடுச்சு! விறைச்சுப் போச்சு! அப்படியே முழுசா முழுங்குதுங்க!"

வெற்றி!

"போதும்மா, பார்க்காதே. பயந்துடுவே."

"தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அரை மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. அடுப்பில் சோறு குழைந்தது. அப்புறம் ஜன்னல் வழியாக டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள். இருவரும் முறை வைத்துப் பார்த்தார்கள். தெள்ளு தப்பித்தால் "ச்சே!" என்றார்கள். பிடிபட்டால் கை தட்டினார்கள். அசைவம் தொடாதவர் டீச்சரம்மா!

சாயங்காலம் என் கைக்கு மண்வெட்டி வந்தது.

"நாலடி ஆழம் வெட்டுங்க. இதுங்களுக்கெல்லாம் இடம் வேணும்ல?"

"ரெண்டடின்னுதானே சொன்னே?" என்றேன் பரிதாபமாக.

"சொன்னேன். அப்புறம் உங்க இடுப்பை நினைச்சு, குளமே வேணாம்னு இன்னைக்குக் காலையிலதான் விட்டேன். அதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள பாட்டிலோட வந்து நின்னுட்டீங்க!"