தூக்குக்குண்டு சொன்ன நியாயம்

ஊரில் நியாயத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி இருந்தது அந்த வரிசை. மூடிப்போன செருப்புக்கடையின் மாடியில் தொடங்கி, படி இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரைக்கும் நின்றது. பேருந்துக்காக நின்றவர்கள்கூடத் தள்ளுமுள்ளில் மாட்டி மேலே போய், ஆளுக்கொரு நியாயம் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

மேலே உட்கார்ந்திருந்தவர் பெயர் குண்டு ஐயா. ஆள் என்னவோ ஒல்லிதான். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தத் தூக்குக்குண்டு ஒன்றை வைத்துப் பிழைத்ததால் வந்த பெயர். போன வருஷம் வரை தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தார். தண்ணீரைவிட மனசாட்சியில்தான் கசடு அதிகம் என்று கண்டுகொண்டு தொழிலை மாற்றிக்கொண்டார்.

முறை எளிமையானது. மேசைமேல் ஒரு வட்ட அட்டை. அதில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு. அதன் பெயர் ‘செய்’. குறுக்காக ஒரு கறுப்புக் கோடு, அது ‘செய்யாதே’. நீங்கள் நூலைப் பிடித்துக்கொண்டு உங்கள் தர்மசங்கடத்தைச் சொல்ல வேண்டும். குண்டு தானாக ஆடத் தொடங்கும். எந்தக் கோட்டின்மேல் ஆடுகிறதோ அதுவே நியாயம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐயாவின் மைத்துனர் ‘நியாயச் சீட்டு’ ஒன்றில் முத்திரை குத்திக் கொடுப்பார். காணிக்கையையும் அவரே வாங்கிக்கொள்வார். ஐயா பணத்தைத் தொடமாட்டார், அவ்வளவு சுத்தம்.

வேலை போனதை மூன்று மாதமாக மனைவியிடம் மறைத்த ஒருவர், “சொல்லிடலாமா?” என்று கேட்டார். கறுப்பு. டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பூங்காவில் பொழுது போக்கும் அவருடைய உத்தியோகம் தொடர்ந்தது. மகளின் நாட்குறிப்பைப் படிக்கலாமா என்று கேட்டார் ஒரு தாய். சிவப்பு. அவர் ஏற்கெனவே பாதி படித்திருந்தார். நண்பன் ராப்பகலாக எழுதிய திட்டத்தைத் தன் பெயரில் மேலதிகாரியிடம் நீட்டிய அலுவலர் ஒருவர், சீட்டைச் சட்டம் போட்டு மேசைமேலேயே வைத்துக்கொண்டார். நண்பன் முறைத்தால் சீட்டை அவன் பக்கம் திருப்பி வைப்பார்.

இப்படி நூற்றுக்கணக்கானவர்கள். பிடிக்காத பதில் வந்து முகம் சுளித்தபடி இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. யோசிக்கிற கூட்டமாக இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்கும். இவர்களுக்குப் பக்தி வந்தது.

அந்தப் பக்தர்களில் ஒருத்தி, இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். செவ்வாய்க்கிழமை அவசரத்தில் இரண்டு இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். மறுநாள்தான் கண்டுபிடித்தாள். அதற்குள் முடிவுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்த தையற்காரருக்கு ‘ஒன்றுமில்லை’ என்று போனது. அவர் அந்தச் சந்தோஷத்தைக் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடி, மிச்சத்தைத் தானே தின்று தீர்த்தார். ஒன்றுமே இல்லாத ஓவிய ஆசிரியைக்கு ‘சர்க்கரை அதிகம்’ என்று போனது. அந்தம்மா மாத்திரை போட ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லலாமா என்று குண்டைக் கேட்டாள். கறுப்புக் கோட்டில் ஜம்மென்று ஆடியது.

வீட்டில் அவளுடைய நாத்தனார் இதைக் கவனித்துவிட்டாள். நாத்தனாருக்குக் கட்டடங்களில் டைல்ஸ் பதிக்கும் வேலை. கையும் உரம், வாயும் உரம்.

“அண்ணி, நாலு நாளா தட்டையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. என்ன விஷயம்?”

அண்ணி எல்லாவற்றையும் கொட்டினாள். சீட்டையும் காட்டினாள். “குண்டே செய்யாதேன்னு சொல்லிடுச்சும்மா. நான் என்ன பண்ணட்டும்?”

நாத்தனார் தன் வேலைப்பையைத் துழாவி ஒன்றை எடுத்து மேசைமேல் ‘டக்’கென்று வைத்தாள். “இந்தக் குண்டா?”

அண்ணி எழுந்தே நின்றுவிட்டாள். “ஐயோ! உனக்கு எப்படிக் கிடைச்சுது?”

“ஹார்டுவேர் கடையில. பதினஞ்சு வருஷமா வச்சிருக்கேன். சுவர் கோணலான்னு கேட்டா கரெக்டா சொல்லும். மேஸ்திரி கோணலான்னு கேட்டா மூச்சு விடாது.”

“விளையாடாதே. என் கையில அது தானாத்தான் ஆடுச்சு. நான் ஆட்டவே இல்லை, சத்தியமா!”

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொன்னேனா? அந்த டீச்சர் எப்படி இருக்காங்க, அதைச் சொல்லுங்க.”

அண்ணி சீட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். “நேத்து அவங்களே போன் பண்ணினாங்க. ‘தலை சுத்துதும்மா, கை நடுங்குது, ரிப்போர்ட் சரிதானே?’ன்னு கேட்டாங்க. நான்… சரிதான்னு சொல்லிட்டேன்.”

நாத்தனார் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக் குண்டு ஐயாவின் மாடிக்கு இழுத்துவந்தாள்.

செருப்புக்கடைக் கண்ணாடிகள் அந்த மாடியில் அப்படியே இருந்தன, எல்லாம் முழங்கால் உயரத்தில். வந்தவர்களுக்குத் தங்கள் கால் தெரியும், முகம் தெரியாது. ஐயாவுக்கு அது ரொம்ப வசதி.

“ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம்” என்றாள் நாத்தனார்.

“கேளம்மா. நூலைப் பிடி.”

“நான் எதுக்குப் பிடிக்கணும்? ஆடறது குண்டுதானே?” என்று சொல்லிக்கொண்டே, முன்பு செருப்பு மாட்டிய கொக்கி ஒன்றில் குண்டைத் தொங்கவிட்டு, அடியில் அட்டையை நகர்த்தினாள். “இப்ப எல்லாரும் கேளுங்க.”

கேட்டார்கள். தனித்தனியாகக் கேட்டார்கள், கூட்டாகக் கேட்டார்கள், ஒருவர் கெஞ்சியே பார்த்தார். குண்டு செத்தவன் கையில் கொடுத்த வெற்றிலை மாதிரி அசையாமல் கிடந்தது.

“உயிருள்ள கை வேணும்!” என்று அதட்டினார் ஐயா.

“சரி, கை தர்றோம். அண்ணி, பிடிங்க. அதே கேள்வியைக் கேளுங்க.”

அண்ணி பிடித்தாள். குண்டு கறுப்புக் கோட்டில் ஆடியது. கூட்டம் “ஆகா!” என்றது. ஐயா மீசையைத் தடவிக்கொண்டார்.

“இப்போ உயிரும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும். கண்ணை மட்டும் கட்டிடலாம்” என்றாள் நாத்தனார். தன் தலைத்துண்டால் அண்ணியின் கண்ணைக் கட்டினாள். பிறகு சத்தமில்லாமல் அட்டையைக் கால்வட்டம் திருப்பிவைத்தாள். அண்ணி மறுபடி கேட்டாள். குண்டு பழையபடியே ஆடியது. ஆனால் இப்போது அதன் கீழே இருந்தது சிவப்புக் கோடு. ‘செய்.’

இன்னொருவர் கண்ணைக் கட்டினார்கள். இன்னொருவர். டிபன் பாக்ஸ்காரருக்குக் குண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவில், மூன்றாவதாக ஒரு வழியில் ஆடியது. அதற்குச் சீட்டே அச்சடிக்கவில்லை.

“கண்ணைக் கட்டினா தெய்வீக சக்தி எப்படி வேலை செய்யும்?” என்றார் ஐயா.

“அப்போ கோட்டைப் பார்க்கிற கண்ணுதான் பதில் சொல்லுது, குண்டு இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. மனசு எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கம் விரல் நமக்கே தெரியாம துளி அசையும். நூல் அதைப் பெருசாக்கிக் காட்டும். அவ்வளவுதான் சங்கதி. பிடிக்காத பதில் வாங்கினவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க பார்ப்போம்!”

ஒரே ஒரு கை உயர்ந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்பதற்காக.

கூட்டம் சலசலக்கத் தொடங்கியதும் மைத்துனர் பெட்டியைத் தூக்கினார். ஐயா பின்பக்கப் படி வழியாக நம்பமுடியாத வேகத்தில் இறங்கினார். சிலர் அவரைத் துரத்தினார்கள். பலர் நாத்தனாரைத்தான் முறைத்தார்கள். “இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா! இனிமே நாங்க யாரைக் கேக்கறது?” என்றார் சீட்டுக்குச் சட்டம் போட்ட அலுவலர்.

“அந்தத் திட்டத்தை எழுதினவரைக் கேளுங்களேன்” என்றாள் அவள்.

அண்ணி துண்டை நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்தாள். பாவம், அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். “எனக்கு முதல் நாளே தெரியும்” என்றாள். “சொல்லணும்னு தெரியும். சொல்ல வேண்டாம்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் வந்தேன்.” போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

“டீச்சர், மாத்திரையை நிறுத்துங்க. உடனே டாக்டரைப் பாருங்க. தப்பு என்னுது.”

ஆசிரியை பிழைத்துக்கொண்டார். தையற்காரர் வைத்தியத்துக்குப் போனார், போகும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே. பரிசோதனைக்கூட முதலாளி கத்தித் தீர்த்து, அவளை ஒரு மாதம் வரவேண்டாம் என்றார். அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்பது இதுவரை தெரியாது. ஆனால் அவள் தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள்.

ஐயா பக்கத்து ஊரில் கடை தேடுகிறார் என்று கேள்வி. ஒன்று கவனித்தீர்களா? அன்றைக்கு ஓடலாமா, நிற்கலாமா என்று அவர் குண்டைக் கேட்கவில்லை. சொந்த மூளையைத்தான் கேட்டார். ஏமாற்றுகிறவனே ஆபத்து வந்தால் யோசிக்கிறான். ஏமாறுகிறவர்களே, உங்களுக்கு மட்டும் தலை என்ன, தொப்பி மாட்டும் கொக்கியா?