முன்னறை ஜன்னலுக்கு ஒரு திரை

"இன்னைக்கும் நிக்கிறா, பாத்தியளா!" என்றாள் நேசபாய்.

யேசுரத்தினம் வாத்தியார் வேதாகமத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்கு அப்பால் எதிர்வீட்டுச் சண்முகவடிவின் முகம். அது அறைக்குள் ஒருமுறை நோட்டமிட்டது, உடனே மறைந்தது.

"பாத்துட்டுப் போகட்டும் நேசம். புருசனும் இல்ல, பிள்ளையும் இல்ல. தனியா இருக்கா."

"தனியாவா? விடிஞ்சா தெருப்பிள்ளையள எல்லாம் கூட்டி வச்சுக்கிட்டுச் சத்தம் போடுதா! நம்ம வீட்டுல பாக்க என்ன இருக்கு? ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, கலியாணத்துக்கு மிஷன் தொரை தந்த கடியாரம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா இங்க உண்ண வாறாரு. அவரு சோத்துல கை வைக்கும்போ இவ எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்? திரை வேணும்."

வெள்ளிக்கிழமை லேசுப்பட்ட நாள் அல்ல. யேசுரத்தினத்தின் ஓலைப் பள்ளிக்கூடத்தில் அடிக்க மணிகூடக் கிடையாது. ஆனாலும் இரணியல் வட்டாரத்திலேயே பிள்ளைகள் நேரம் தப்பாமல் வரும் பள்ளிக்கூடம் அதுதான். அவர் முன்னதாகவே போய், உள்ளே தனியே ஜெபம் செய்து, ஓலைத்தட்டிக் கதவைத் திறக்கும்போது பிள்ளைகள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் மனம் வைத்தால் ஐந்தாம் வகுப்பு கிடைக்கும். இல்லையென்றால் நாலாவது முடித்த பிள்ளைகள் இந்த வருஷமும் வயலுக்குத்தான் போகவேண்டும்.

"எல்லாம் என் போதனையோட பலன்" என்று யேசுரத்தினம் மிகுந்த தாழ்மையோடு சொல்லிக்கொள்வார்.

கோட்டாற்றிலிருந்து துணிமூட்டையோடு வரும் பக்கீர் முகம்மது சுருள் சுருளாகத் துணியை விரித்தார்.

"இது அரைத்திரை, வாத்தியாரம்மா. பங்களாவுல தொரைசாணிமாரு போடுறது. காத்தும் வரும், மறைவும் இருக்கும்."

நேசபாய் நீலத் துணியில் அரைத்திரை தைத்தாள். ஜன்னலின் கீழ்ப்பாதி மறைந்தது. மறுநாள் காலை மேல்பாதியில் சண்முகவடிவின் தலை முளைத்தது. தன் வீட்டு உரலை உருட்டிக்கொண்டு வந்து, அதன் மேல் ஏறி நின்றிருந்தாள்.

"கர்த்தாவே!" என்றாள் நேசபாய்.

அடுத்தது, அவள் மிஷன் போர்டிங் பள்ளியில் படித்த காலத்தில் கையால் பின்னிய லேஸ். மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டாள். பங்களாவே தோற்றுவிடும் அழகு. காலையில் லேஸின் துளை ஒன்றில் ஒரு கண் தெரிந்தது.

"பூவேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று நேசபாய் கட்டில் மேல் கிடந்த ஜமுக்காளத்தை உருவி, நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிட்டாள். முன்னறை இருண்டுபோனது. யேசுரத்தினம் நாற்காலி என்று நினைத்து ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தார்.

"இன்ஸ்பெக்டருக்குப் பகல்ல விளக்கு கொளுத்தியா சோறு போடுவ?"

"இருட்டுல உண்டாலும் மானத்தோட உண்ணட்டும்."

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. சண்முகவடிவு.

"வாத்தியாரம்மா, இத்திரி உப்பு இருக்கா?"

நேசபாய் உப்பு அள்ளித் திரும்புவதற்குள் அவள் அறைக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, உப்பை வாங்காமலே தெருவில் ஓடினாள்!

வெள்ளிக்கிழமை நேசபாய் முன்கதவையும் தாழிட்டாள். தட்டும் சத்தம் கேட்டது.

"அடுப்புல வேலை கெடக்கு. பெறகு வாங்க!" என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டாள்.

அங்கே பள்ளிக்கூடத்தில் யேசுரத்தினம் ஜெபம் முடித்துக் கதவைத் திறந்தார். வாசலில் இன்ஸ்பெக்டர் மட்டும் குடையோடு நின்றார். ஆனி மாதத்துச் சாரல். சூரியனைக் கண்டு நாட்களாகியிருந்தன.

"பிள்ளைகள் எங்கே, வாத்தியாரே?"

"இப்ப வந்துருவாங்க, ஐயா."

ஒரு ஆடு வந்தது. வேறு யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"நாலு வகுப்புக்கே ஆள் இல்லை. ஐந்தாவது எதற்கு?"

"தெருவுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருதேன், ஐயா" என்று யேசுரத்தினம் மழையில் இறங்கினார். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே வந்தார்.

யேசுரத்தினத்தின் வீட்டு முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவர் குறையவில்லை. எண்ணெய் தேய்த்து வாரிய தலை, கையில் சிலேட்டு, குடைக்குப் பதில் வாழையிலை. சண்முகவடிவு உரல் மேல் நனைந்தபடி நின்று, ஜமுக்காளம் மறைத்த ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, எம்மேல என்ன கோவம் இருந்தாலும் இருக்கட்டு! முந்தி அனுப்பினா கதவு தொறக்காம பிள்ளையள் மழையில நிக்கும், பிந்தினா சார் ஏசுவாரு. அந்தத் திரைய இத்திரி நீக்குங்க. தெனமும் ஒங்க கடியாரத்தப் பாத்துல்லா நான் இதுகள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்!"