உப்பு ஜாடிக்குள் ஒரு முக்கட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மொக்கைச்சாமி ஒரு முடிவுக்கு வந்தார். ஐம்பத்தாறு வருஷமாகத் தன் பேரைக் கேட்டுச் சிரித்த பயல்கள் எல்லாம், இனிமேல் அந்தப் பேரை அண்ணாந்து பார்த்துத்தான் படிக்க வேண்டும். 'மொக்கைச்சாமி நகர்.' இருபதடி உயர இரும்பு ஆர்ச்சு, சுற்றிலும் சீரியல் லைட்டு. பிளாட் போடுகிற புரோக்கர் சிவபிரகாஷ் போனில் படமே அனுப்பிவிட்டான். அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை பெரிசாக்கிப் பார்த்ததில் போன் சூடாகிப் போனது.

படம் வந்தாச்சு, இடந்தான் வரவில்லை. அவருடைய ரெண்டு ஏக்கர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. சாணார்பட்டி ரோட்டை ஒட்டி இருக்கிற முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம் பெண்டாட்டி ராமுத்தாய் பேரில் இருக்கிறது. அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. அது இல்லாமல் பாதையும் இல்லை, ஆர்ச்சும் இல்லை.

"ஏ ராமுத்தாயி, வெள்ளிக்கிழம பார்ட்டி வாராங்க. செத்த நேரம் நீ பேசாம நின்னாப் போதும்."

"எதுக்கு?"

"ஆர்ச்சு வைக்க."

"எங்க?"

"ரோட்டு மேலதான்... உன் பூக்காட்டுல."

"அம்புட்டுச் செடியையும் புடுங்கிட்டா?"

"பூ இன்னைக்குப் பூத்து நாளைக்கு வாடிரும். பேரு நிக்கும்ல?"

"நல்லா இருக்கே! மொக்கு விளையுற எடத்துல மொக்கையை நடப் போறீகளாக்கும்!"

"ஏய்!"

"வரட்டும். வாரவுக முன்னால நான் பேசுற பேச்சுல, உங்க பரம்பரையே அந்த ஆர்ச்சுல தொங்கும்."

சொன்னால் செய்வாள். போன வருஷம் போர் போட வந்தவன், இவள் கேட்ட கேள்வியில் ஒரு துளைகூடப் போடாமல் லாரியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் அந்த வாய் மூடியிருக்க வேண்டும். மனுசனால் ஆகிற காரியம் இல்லை என்று மொக்கைச்சாமிக்குத் தெரியும். அதனால்தான் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார்.

பீர் முகமது பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர். அவர் கடையின் மூலையில், நூல் கட்டிய ஒரு தடிப் புத்தகம் தனியாகக் கிடக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதன் பேர் 'முக்கட்டு'.

"அதைக் கேக்காதீங்கண்ணே. மூணு தடவை எடைக்குப் போட்டேன். மூணு தடவையும் திரும்பி வந்துருச்சு."

"அப்படி என்ன பாய் இருக்கு அதுல?"

"மூணு கட்டு. வேடசந்தூர்ல ஒரு மில்லுக்காரர் வாய்க்கட்டுப் பக்கத்தைப் படிச்சாரு. மறுநாள் எந்திரிச்சாரு, பேச்சு எந்திரிக்கல. சின்னாளப்பட்டியில ஒரு நெசவுக்காரர் கைக்கட்டுப் பக்கத்தைத் திறந்தாரு. தறி ஓடுது, கை ஓடல."

"மூணாவது?"

பீர் முகமது குரலை இறக்கினார். "கால்கட்டு. அறுபது வயசு வரைக்கும் கல்யாணமே வேண்டாம்னு இருந்த மனுசன்ணே. அந்தப் பக்கத்தைத் திறந்த ஒரே வாரத்துல புடிச்சுக் கால்கட்டு போட்டுட்டாங்க."

மூன்றாவதைக் கேட்ட பிறகுதான் மொக்கைச்சாமிக்கு நிஜமாகவே வியர்த்தது.

"எனக்கு வாய்க்கட்டு மட்டும் போதும் பாய்."

"ஒண்ணு சொல்லிர்றேன். கட்டுன அஞ்சாம் நாள் உச்சிக்குள்ள அவுத்துரணும். தவறுனா கட்டு கட்டுனவன் மேலயே ஏறிரும். ஆயுசுக்கும் இறங்காது."

"அவுக்குறது எப்படி?"

"கடைசியில எங்கயோ இருக்குங்குறாங்க. நான் பாக்கல. எனக்கு வாய் வேணும்ணே, வியாபாரம் இருக்கு."

புத்தகத்தை வாங்கி வந்தவர், திங்கட்கிழமை ராமுத்தாய் பூ எடுக்கப் போன நேரம் பார்த்து வேலையை முடித்தார். வெற்றிலையில் அவள் பேரை எழுதி, கறுப்பு நூலால் ஏழு சுற்றுச் சுற்றி, அவள் கை தினமும் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். உப்பு ஜாடிக்குள் வைத்து அமுக்கினார். கட்டு அவிழுமுன் கட்டியவன் அதைத் தொட்டால் கை விழுந்துவிடும் என்றும் போட்டிருந்தது. புத்தகத்தை உர மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தார். ரொம்பப் பெரிய மறைவிடம்! அந்த வீட்டில் ஊசி விழுந்தால்கூட எங்கே விழுந்தது என்று ராமுத்தாய்க்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் காப்பி வந்தது. பேச்சு வரவில்லை.

"ராமுத்தாயி?"

பார்த்தாள்.

"பூ எம்புட்டுப் போச்சு?"

பார்த்தாள்.

மொக்கைச்சாமி கொல்லைப்புறம் ஓடிப் போய் வேட்டியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். மத்தியானம் வரைக்கும் சொர்க்கம். சோறு போட்டாள், பிசைந்து வாயில் வைத்தார்.

"என்ன, உப்பே இல்ல?"

ராமுத்தாய் ஜாடியைப் பார்த்தாள். மொக்கைச்சாமியும் ஜாடியைப் பார்த்தார். ரெண்டு பேரும் அதைத் தொடவில்லை. ராத்திரி ரசத்திலும் உப்பு இல்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்திலும் இல்லை.

புதன்கிழமை பக்கத்து வீட்டு அன்புக்கரசி வாசலிலேயே மறித்தாள். "என்ன மாமா, அக்கா பேச மாட்டேங்குது?"

"தொண்டை கட்டிருக்கு."

"கட்டுனா கரகரன்னாச்சும் வருமே. இது தானாக் கட்டுன மாதிரி இல்லையே, யாரோ கட்டிவிட்ட மாதிரில்ல இருக்கு!"

அவர் அவசரமாக வீட்டுக்குள் நுழைந்தார். அவள் பேச்சைவிட வீடு கலங்க வைத்தது. கண்ணாடி எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. மாத்திரை போட்டாச்சா என்று கேட்க ஆள் இல்லை. டிவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது, அதைத் திட்டவும் ஆள் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக எந்தச் சத்தம் நின்றால் போதும் என்று நினைத்தாரோ, அந்தச் சத்தம் இல்லாமல் அவரால் முற்றத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது. நாம பாட்டுக்குக் கட்டிவிட்டோம், அவிழாமலே போய்விட்டால்?

சாப்பிட்டதும் வழக்கம்போல வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். மென்றார். நாக்கு சுரீர் என்றது. வியாழக்கிழமை விடியும்போது நாக்கு வீங்கி, 'ராமுத்தாயி' என்று கூப்பிட்டால் 'ஆமுத்தாயி' என்று வந்தது.

கட்டு திரும்புகிறது!

உர மூட்டையைத் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். 'கட்டு அவிழ்க்கும் முறை' என்று பேனாவில் எழுதியிருந்தது. முன்னால் வைத்திருந்தவர்களும் ஓரமெல்லாம் கிறுக்கித்தான் வைத்திருந்தார்கள், அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எழுத்து மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முன்ஜென்மத்துத் தொடர்பு போலிருக்கிறது என்று சிலிர்த்துக்கொண்டார்.

'துவரம்பருப்பு ரெண்டு கிலோ. கடலெண்ணெய் ஒரு லிட்டர். மல்லி அரைக் கிலோ. சீயக்காய்த் தூள். பெருங்காய டப்பா, சின்னது. பாத்திரம் தேய்க்கிற நார் ரெண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கட்டு இறுகும். எல்லாம் கட்டுப்பட்டவள் காலடியில் வைத்து, எந்தப் பொருளுக்கு ஆசைப்பட்டுக் கட்டினாயோ அது அவளுடையது, உனக்கு அதில் ஒரு செடிகூடக் கிடையாது என்று சாட்சிகள் முன்னால் மூன்று தரம் சொல்லவும்.'

நார் எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கட்டை அவிழ்க்க நார் வேண்டாமா என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு ஓடினார். புத்தகத்தைப் பார்த்து எழுதிய சீட்டை மளிகைக் கடைக்காரரிடம் மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னார். ஆனாலும் ஆர்ச்சை விட மனசில்லாமல், பையை உள்ளே வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. சிவபிரகாஷும் வெள்ளைச் சட்டைக்காரர்கள் ரெண்டு பேரும் இறங்கினார்கள். கையில் அக்ரிமெண்ட்டு. ராமுத்தாய் கதவோரம் நின்றாள். வாய் திறக்கவில்லை.

"அத்த, ரோட்டோரத்து எடத்தைக் குடுக்குறதுல உங்களுக்கு ஏதும் தடையா?" சிவபிரகாஷ் கேட்டான்.

பார்த்தாள்.

"தடை இல்ல மாமா! பேசாமத்தான் நிக்குறாக. சம்மதம்னு எழுதிக்கிறலாமா?"

கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. பேனா மூடியைத் திறந்தாச்சு. வெள்ளைச் சட்டைக்காரர் போனில் ஆர்ச்சு ஜொலித்தது. 'மொக்கைச்சாமி நகர்.' தலையை ஆட்டினால் போதும்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பத்தாறு.

மொக்கைச்சாமி ஆர்ச்சைப் பார்த்தார். ராமுத்தாயைப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார், நாக்கு பாதிதான் திரும்பியது. ஐம்பத்தேழு. ஆயுசுக்கும் பேசாத பெண்டாட்டி, பேச முடியாத புருஷன், வாசலில் இருபதடிக்குப் பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட வீட்டில் ஒரு வாய் இருக்காதே!

உள்ளே ஓடினார். மளிகைப் பையைத் தூக்கிவந்து ராமுத்தாய் காலடியில் தொப்பென்று வைத்து, குழறிக் குழறிக் கத்தினார்.

"பூக்காடு இவளுது! எனக்கு ஒரு செடிகூடக் கெடையாது!"

"மாமா, என்னாச்சு?"

"இவளுது! ஒரு செடிகூடக் கெடையாது!"

"உடம்புக்கு ஏதும்..."

"இவளுதுலே! ஒரு செடிகூட! ஒரு மொக்குகூட!"

வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பேனா மூடியை மூடினார்கள். கார் கிளம்பிய புழுதி அடங்குமுன் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. மொக்கைச்சாமி கும்பிட்ட கையோடு பெண்டாட்டியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராமுத்தாய் அடுப்படிக்குப் போனாள். ஜாடியைத் திறந்து, நூல் சுற்றிய வெற்றிலையை எடுத்து சன்னல் வழியாக எறிந்தாள். ஒரு கை உப்பை அள்ளிக் குழம்பில் போட்டாள்.

"கை கழுவிட்டு வாங்க, சாப்புடலாம்."

பேச்சு வந்துவிட்டது! மொக்கைச்சாமிக்குக் கண்ணில் தண்ணி முட்டியது. "ஆமுத்தாயி..."

"நாக்கு ரெண்டு நாள்ல சரியாயிரும். சுண்ணாம்பு செத்தக் கூடிப்போச்சு."

அவள் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பருப்பு, எண்ணெய், மல்லி, சீயக்காய், பெருங்காயம். கடைசியாக நார் ரெண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருசமா சீட்டு எழுதிக் குடுக்குறேன், ஒரு சாமானையாச்சும் மறந்துட்டுத்தான் வருவீக. இனிமே மாசாமாசம் அந்தப் புத்தகத்துலயே எழுதித் தாரேன்."